மானிட்டர் மினுக்குகிறதா? மலையூரில் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது

கோத்தகிரியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். மூலையில் இருக்கும் பழைய பத்தொன்பது இன்ச் மானிட்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் காலையில் ஷட்டரைத் தூக்கி சுவிட்சைப் போட்டால் பத்து நிமிடம் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். எதிர்க் கடையிலிருந்து வரும் டீயைக் குடித்து முடிப்பதற்குள் தானாக நின்றுவிடும். அப்புறம் இரவு வரை ஒரு தொல்லையும் கிடையாது. மார்ச் வந்தால் காலையிலும் சரியாகிவிடும். "குளிருக்கு அப்படித்தான் இருக்கும்" என்று இரண்டு வருடம் விட்டுவைத்தேன். அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதி என்ன என்பதைக் கீழே அதற்கான இடத்தில் சொல்கிறேன்.

ஸ்கிரீன் மினுக்கினால் எல்லாரும் முதலில் கேட்பது "எதனால்?" என்றுதான். அதைவிட "எப்போது?" என்று கேட்பது பலன் தரும். காலையில் மட்டுமா, மழை பெய்யும்போதா, ஹீட்டர் ஓடும்போதா, குறிப்பிட்ட ஒரு புரோகிராமைத் திறந்தாலா? எதையும் பிடுங்கி மாட்டுவதற்கு முன்னால் இரண்டு நாள் ஒரு துண்டுச் சீட்டில் நேரத்தையும் அப்போது வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் எழுதி வையுங்கள். சமவெளியில் இந்தச் சீட்டு அவ்வளவு உதவாமல் போகலாம். குளிர், ஈரம், மரம் விழும் மின்கம்பி மூன்றும் ஒன்றாக இருக்கும் நம் ஊரில் பாதி வேலையை இதுவே முடித்துவிடும்.

முதல் படி: மினுக்குவது மானிட்டர்தானா?

வாட்ஸ்அப்பில் எனக்கு வரும் வீடியோக்களில் பல இந்த ரகம். "பாருங்கண்ணா, ஸ்கிரீன் முழுக்கப் பட்டை பட்டையா ஓடுது" என்பார்கள். நேரில் போய்ப் பார்த்தால் ஸ்கிரீன் அசையாமல் இருக்கும். மானிட்டர் புதுப்பிக்கும் வேகமும் போன் கேமரா படமெடுக்கும் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் வீடியோவில் பட்டை விழும். கண்ணுக்குத் தெரியாத பட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அறையில் இருக்கும் விளக்கையும் பாருங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய சோக் வைத்த டியூப்லைட், மலிவு எல்இடி பல்பு இரண்டும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். சாகப்போகிற டியூப் அதைவிட மெதுவாகவே துடிக்கும். விளக்கை அணைத்துவிட்டு ஸ்கிரீனைப் பாருங்கள். மினுக்கல் நின்றுவிட்டால் செலவு ஒரு டியூபோடு முடிந்தது.

ஸ்கிரீனில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அரை மணியில் தலை வலிக்கிறது என்பவர்களுக்கு ஒரு சோதனை. ஸ்கிரீனில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து பிரைட்னஸை நன்றாகக் குறையுங்கள். ஒரு பென்சிலை ஸ்கிரீனுக்கு முன்னால் வேகமாக இடவலமாக ஆட்டுங்கள். பென்சில் கலங்கலான ஒரே விசிறியாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனியாகப் பல பென்சில்கள் தெரிந்தால், அந்த மானிட்டர் வெளிச்சத்தைக் குறைப்பதற்காகப் பின்விளக்கை அணைத்து அணைத்து எரிய விடுகிறது. அது பழுதல்ல, அதன் தயாரிப்பே அப்படி. பிரைட்னஸை மேலே ஏற்றிவிட்டு, வெளிச்சம் அதிகமாகத் தோன்றினால் கான்ட்ராஸ்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மானிட்டர் தன் வாயாலேயே சொல்லட்டும்

மானிட்டரின் ஓரத்தில் அல்லது அடியில் இருக்கும் மெனு பட்டனை அழுத்துங்கள். பிரைட்னஸ், கலர் என்று ஒரு பெட்டி வரும். அந்தப் பெட்டியைக் கம்ப்யூட்டர் அனுப்புவதில்லை, மானிட்டரே வரைகிறது. பின்னால் படம் ஆடும்போது பெட்டி அசையாமல் நின்றால் குற்றம் கேபிள் பக்கமோ கம்ப்யூட்டர் பக்கமோ இருக்கிறது. பெட்டியும் சேர்ந்து மங்கி மங்கி எரிந்தால் மானிட்டரையோ அதற்கு வரும் கரண்டையோ சந்தேகப்படுங்கள்.

முழுதாக இருட்டாகித் திரும்பி வருகிற ரகம் வேறு. அதில் பெட்டியும் காணாமல் போய்விடும் என்பதால் அதை வைத்து முடிவு செய்ய முடியாது. அங்கே இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, படம் திரும்பி வரும்போது மூலையில் "எச்டிஎம்ஐ" அல்லது "விஜிஏ" என்று, மாட்டியிருக்கும் வீடியோ கேபிள் வகையின் பெயர் சின்ன எழுத்தில் வருகிறதா? வந்தால் சிக்னல் அறுந்து மறுபடி ஒட்டியிருக்கிறது. இரண்டு, கீழே எரியும் பவர் லைட். ஸ்கிரீன் இருளும்போது அதுவும் அணைந்தால் கரண்ட் பிரச்சினை. அணையாமல் நிறம் மாறினால் சிக்னல் பிரச்சினை.

ஸ்கிரீன் கருப்பாகவே இருக்கிறது, பவர் லைட் மட்டும் எரிகிறது என்றால் போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் பேய் மாதிரி மங்கலாகத் தெரிந்தால் பின்விளக்குதான் போயிருக்கிறது.

கடைசியாக, மானிட்டரில் செருகியிருக்கும் வீடியோ கேபிளைப் பிடுங்குங்கள். "நோ சிக்னல்" எழுத்து மிதக்கும். சில மானிட்டர்கள் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும், அதற்குள் பார்த்துவிட வேண்டும். அந்த எழுத்தே துடித்தால் மூன்றாம் படியையும் ஆறாம் படியையும் விட்டுவிடலாம்.

மூன்றாம் படி: கேபிள்

என் அனுபவத்தில் கேபிளை மாற்றியதும் ஓடிவிட்ட பிரச்சினைகள்தான் அதிகம். அதனால் பணம் செலவழிக்கும் முன்பு பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கேபிளைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

விஜிஏ பழைய காலத்து அனலாக் வகை. 15 பின், இரண்டு பக்கமும் திருகு. அனலாக் என்பதால் கெட்டுப்போகும்போது மெல்ல மெல்லக் கெடும். எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து, ஓரங்களில் நடுக்கம், மெதுவாக ஊரும் சாம்பல் பட்டை எல்லாம் அதில்தான் வரும். திருகைக் கையால் இறுக்கினாலே பாதி சரியாகும். எச்டிஎம்ஐயும் டிஸ்பிளே போர்ட்டும் டிஜிட்டல். அவற்றில் நிழல் விழாது. படம் முழுதாக வரும், அல்லது வெள்ளைப் புள்ளிகள் தூறல் மாதிரி சிதறும், அல்லது மொத்தமாக இருளும். எச்டிஎம்ஐக்குத் திருகு கிடையாது. மேசை ஆடினாலே நழுவும். டிஸ்பிளே போர்ட் கேபிள்களில் பெரும்பாலும் சின்னக் கொக்கி இருக்கும். அதை அழுத்தாமல் இழுத்தால் சாக்கெட்டே கையோடு வந்துவிடும்.

4கே மானிட்டர் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப எச்டிஎம்ஐ 2.0 தேவை. அதன் உச்சத் திறன் நொடிக்கு 18 ஜிகாபிட். டிவிக்கு வந்த பழைய கேபிளில் அது திணறலாம். டிஸ்பிளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸை 30 ஆகக் குறைத்துப் பாருங்கள். மௌஸ் நொண்டி நடக்கும், பரவாயில்லை. இருட்டாவது நின்றுவிட்டால் கேபிளை மாற்றுங்கள், மானிட்டர் நன்றாகவே இருக்கிறது.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கின் முறை. எந்தப் பக்கம் இருந்தாலும் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காராமல் போகாது. அந்த ஈரத்தில் கேபிள் முனையின் உலோகம் மங்கும், சில சமயம் பச்சை பூக்கும். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தோய்த்து முனையைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

நான்காம் படி: கரண்ட்

1932இல் பைக்காராவில் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்ததிலிருந்து இந்த மலை கீழே இருக்கிறவர்களுக்குக் கரண்ட் கொடுக்கிறது. ஆனாலும் ஒரு கற்பூர மரக்கிளை கம்பியில் சாய்ந்தால் நம் வீட்டில் பல்பு துடிக்கத்தான் செய்யும்.

ஒரு தவறான நம்பிக்கையை முதலில் எடுத்துவிடலாம். "லோ வோல்டேஜ், அதான் மானிட்டர் மினுக்குது, ஸ்டெபிலைசர் வாங்குங்க" என்பார்கள். மானிட்டரின் பின்னால் அல்லது அடாப்டரில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். நம்முடைய 230 வோல்ட் 170க்கு இறங்கினாலும் அது கவலைப்படாது. பல்பும் ஃபேனும்தான் அழும். சொல்லப்போனால் ஸ்டெபிலைசரே தொல்லையாகலாம். உள்ளே இருக்கும் தானியங்கி சுவிட்சான ரிலே "டக்" என்று மாறும் நொடியில் கரண்ட் லேசாக அறுபடும். அந்த டக் சத்தமும் ஸ்கிரீன் இருள்வதும் ஒரே நேரத்தில் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

மானிட்டருக்கு ஆகாதது விட்டு விட்டு வரும் கரண்ட். தளர்ந்த பிளக், கருகிய சாக்கெட், மலிவு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றும் முக்கியமான குற்றவாளிகள். குளிர்காலத்தில் இவை சேர்ந்து செய்யும் வேலையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ரூம் ஹீட்டர் 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். நம் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரண சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. கம்ப்யூட்டரும் மானிட்டரும் ஹீட்டரும் ஒரே பாக்ஸில் இருந்தால் மினுக்கல் சின்ன விஷயம், தீப்பிடிக்கும். ஹீட்டரைச் சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மட்டும் போடுங்கள். பாக்ஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். கருகிய வாசனையோ பழுப்புக் கறையோ இருந்தால் குப்பையில் போடுங்கள், இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

கரண்ட்தான் காரணமா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. யூபிஎஸ் இருந்தால் அதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, பேட்டரியில் ஓட விடுங்கள். மினுக்கல் நின்றால் வீட்டு வயரிங்கையோ வெளிக் கம்பியையோ பாருங்கள். தொடர்ந்தால் மானிட்டரோ கேபிளோ. பேட்டரியில் ஓடும்போது மட்டும் மினுக்கினால் யூபிஎஸ்ஸைப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் பல மாடல்களில் பின்னால் "யூபிஎஸ்", "நார்மல்" என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் கரண்ட் போகும்போது மாறுவதற்கு நேரம் எடுத்து ஸ்கிரீனை அணைத்துவிடும். யூபிஎஸ் பக்கம் தள்ளிவிடுங்கள்.

வீட்டில் எல்லா விளக்கும் சேர்ந்து துடித்தால் மானிட்டரை மறந்துவிட்டு வெளியே போய், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரைப் பாருங்கள். குரங்குகள் ஊஞ்சல் ஆடி ஆடி இணைப்பு தளர்ந்திருக்கலாம். பார்ப்பதோடு சரி, ஏணி வைத்து ஏற வேண்டாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குப் போன் செய்து லைன்மேனை வரவழையுங்கள். த்ரீ ஃபேஸ் இணைப்பு இருக்கிற வீட்டில் ஒரு அறை விளக்கு மங்கி இன்னொரு அறை விளக்கு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கலாம். அப்போது ஒரு பக்கம் வோல்டேஜ் 400 வரைகூட எகிறும். யோசிக்காமல் மெயினை அணையுங்கள்.

எர்த் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெறுங்காலோடு நின்று கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஊர்கிறதா? எர்த் சரியில்லை. பாறையும் சரளையுமான மண்ணில் எர்த் பிடிப்பது கஷ்டம். பிப்ரவரி, மார்ச்சில் மண் காய்ந்தால் இன்னும் மோசமாகும். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் வீண்வேலை இல்லை. விஜிஏ கேபிளில் மெதுவாக மேலே ஏறும் பட்டை, அதுவும் சிசிடிவி பெட்டியையோ கேபிள் டிவி ஒயரையோ சேர்த்து மாட்டும்போது மட்டும் வந்தால், இரண்டு கருவியும் வேறு வேறு சாக்கெட்டில் எர்த் எடுக்கின்றன என்று அர்த்தம். இரண்டையும் ஒரே சாக்கெட்டுக்குக் கொண்டுவாருங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டு மாட்டினால் பட்டை போகும், கூடவே பாதுகாப்பும் போகும்.

ஐந்தாம் படி: பக்கத்தில் இருப்பவை

போன ஜனவரியில் அரவேனு பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கடைக்கு வந்தார். "தம்பி, நான் எழுந்தா அது தூங்கிடுது" என்றார். எனக்குப் புரியவில்லை. "மானிட்டரைச் சொல்றேன். நாற்காலிய விட்டு எழுந்தா கருப்பாகுது. ரெண்டு செகண்ட்ல வந்துடுது. உட்கார்ந்தாலும் அப்படித்தான்."

வயதானவர் ஏதோ சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வெளியே புல் மேல் உறைபனி இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. அவர் கம்பளி ஸ்வெட்டரோடு எழுந்தார், ஸ்கிரீன் இருண்டது. மூலையில் "எச்டிஎம்ஐ" என்ற எழுத்தோடு திரும்பி வந்தது. உட்கார்ந்தார், மறுபடி இருண்டது. "நான் சொன்னேன்ல?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். மகன் வாங்கிக் கொடுத்த புது சுழல் நாற்காலி. ஏறி இறங்கும் கேஸ் சிலிண்டர் வைத்தது.

அதுதான் காரணம். இந்த மாதிரி நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் நிலைமின்சாரம் பாய்ந்து, நொடிக்கும் குறைவான நேரத்துக்கு ரேடியோ இரைச்சல் கிளம்பும். தடுப்பு உறை சரியில்லாத வீடியோ கேபிள் அதை ஆன்டெனா மாதிரி வாங்கி சிக்னலைத் தொலைத்துவிடும். உறைபனிக் காலத்துக் காற்று காய்ந்திருப்பதால், கம்பளி வேறு சேர்ந்தால், இது அதிகமாகும். மழைக்காலத்தில் அதே நாற்காலி சாதுவாக இருக்கும். அவருடைய ஐந்து மீட்டர் கேபிளை எடுத்துவிட்டு ஒன்றரை மீட்டரில் கெட்டியான கேபிள் மாட்டினேன். முனையில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் உருளை குண்டாக இருக்கும் வகை. அன்றோடு நின்றது.

இதே வழியில் தொல்லை தரும் மற்றவை: தெர்மோஸ்டாட் விட்டு விட்டு அணையும் ஆயில் ஹீட்டர், மிக்ஸி, பழைய ஃபிரிட்ஜ், மேசைக்குக் கீழே சுருட்டி வைத்த பவர் ஒயரோடு பின்னிக் கிடக்கும் வீடியோ கேபிள். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கேபிள்களைப் பிரித்துப் போடுங்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் சிலுவை மாதிரி கடக்கட்டும், பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டாம்.

ஆறாம் படி: விண்டோஸ்

கம்ப்யூட்டரை ஆன் செய்து, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங் ஸ்கிரீனில் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். அங்கேயும் மினுக்கினால் விண்டோஸுக்கு இதில் பங்கில்லை.

அங்கே மினுக்கவில்லையென்றால் விண்டோஸுக்குள் போய் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். மற்றதெல்லாம் மினுக்க டாஸ்க் மேனேஜர் மட்டும் நிலையாக நின்றால் ஏதோ ஒரு புரோகிராம் தகராறு செய்கிறது. சமீபத்தில் போட்டதை எடுத்துப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரும் மினுக்கினால், ஸ்கிரீனுக்குப் படம் அனுப்பும் பகுதியை இயக்கும் மென்பொருளான டிஸ்பிளே டிரைவரைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் அழுத்தினால் டிரைவர் புதிதாகத் தொடங்கும். ஒரு பீப் சத்தம் வந்து ஸ்கிரீன் ஒருமுறை இருண்டு வரும். அப்டேட்டுக்குப் பிறகு ஆரம்பித்த தொல்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்புங்கள்.

கேம் ஆடுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மானிட்டர் மெனுவில், கேமின் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் புதுப்பிக்கும் வேகத்தை மாற்றும் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டுக் காட்சிகளில் வெளிச்சம் ஏறி இறங்குவது விஏ என்ற வகை பேனல் வைத்த பல மானிட்டர்களில் இதனால் வரும். அணைத்தால் போகும்.

ஏழாம் படி: குளிர்

இப்போது என் பழைய மானிட்டருக்கு வருகிறேன். மானிட்டருக்குள் பவர் போர்டில் எலக்ட்ரோலைடிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும், உள்ளே ஈரமான திரவம் வைத்த சின்ன உருளைகள். வருடக்கணக்கில் சூடுபட்டு அந்தத் திரவம் வற்றும். வற்றியதன் உள்மின்தடை கூடும், குளிரில் இன்னும் கூடும். அதனால் உறைகிற காலையில் கரண்டைச் சமப்படுத்த முடியாமல் திணறி, போர்டு சூடான பிறகு ஒழுங்காகிவிடும். குளிர் அதற்கு நோயைக் கொடுக்கவில்லை, இருந்த நோயைக் காட்டிக்கொடுத்தது. நல்ல கெப்பாசிட்டர் இருக்கும் மானிட்டர் அதே கடையில், அதே குளிரில் அசையாமல் எரிந்தது.

எல்இடி வருவதற்கு முந்தைய, சுமார் 2010க்கு முன் வாங்கிய மானிட்டர்களில் பின்விளக்கு மெல்லிய டியூப்லைட் வகை. உள்ளே பாதரசம். குளிரில் அது இளஞ்சிவப்பாக, மங்கலாகத் தொடங்கி மெல்லத் தெளியும். அப்படித் தெளிந்தால் வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஈரத்துக்கு நான் செய்வது சுலபம். மழைக்காலத்தில் பயன்படுத்தாத மானிட்டரையும் தினம் அரை மணி நேரம் எரிய விடுகிறேன். கெட்டித் துணியால் இறுக்கிப் போர்த்துவதில்லை, போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கும். இடி இடிக்கும்போது பிளக்கோடு சேர்த்து லேன் கேபிளையும் கழற்றிவிடுகிறேன்.

கெப்பாசிட்டரை நீங்களே மாற்றலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். பவர் போர்டில் இருக்கும் பெரிய உருளையில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, 105 டிகிரி தரமுள்ளதைப் போடச் சொல்லுங்கள். எனக்குச் சில நூறு ரூபாயோடு முடிந்தது.

எட்டாம் படி: கீழே கொண்டுபோவது

அந்தச் சில நூறு ரூபாய்க்கு முன்னால் ஒரு வீண் அலைச்சல் நடந்தது. கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் பஸ்ஸில் தூக்கிப்போனேன். இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு "ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்ல சார்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்த வெயிலில் என் மானிட்டருக்குக் குளிர் எங்கிருந்து வரும்?

அதனால் கொண்டுபோவதற்கு முன் காலையில் மினுக்கும்போதே வீடியோ எடுங்கள். மெனு பெட்டியும் சேர்ந்து துடிப்பது தெரிய வேண்டும், அப்போதுதான் "கேமராப் பட்டை" என்று தள்ளமாட்டார்கள். பக்கத்தில் ஒரு கடிகாரத்தையும் வையுங்கள், பத்து நிமிடம் கழித்து நின்றுபோனதையும் எடுங்கள். கட்டும்போது ஸ்கிரீன் மேல் மெல்லிய ஃபோம் வைத்து, நிமிர்ந்த நிலையிலேயே கட்டுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் படுக்கவைத்த மானிட்டர் மேல் பக்கத்து சீட்டுக்காரரின் கேரட் மூட்டை விழும். கீழே இறங்கியதும் உடனே சுவிட்ச் போட விடாதீர்கள். மலைக்குளிரில் இருந்த பொருளின் மேல் சமவெளியின் சூடான ஈரக்காற்று பட்டால் உள்ளே வியர்க்கும். இரண்டு மணி நேரம் கவுண்டரில் சும்மா இருக்கட்டும். மெக்கானிக்கிடம் வீடியோவைக் காட்டிவிட்டு, "ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம், பவர் போர்டைத் திறந்து கெப்பாசிட்டரைப் பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.